மணிக்குப் பத்து கிராம்

சாவிக்கொத்தைத் தன் மகனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று மாமனார் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று, கீழ்வீட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துச் சொன்னார். பத்து மாதமாக மருமகனோடு அவர் பேசுவது இப்படித்தான். முகம் தெருவுக்கு, குரல் வீட்டுக்கு. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். பின்னால் இருப்பவர்களிடம் திரும்பிப் பார்க்காமல் பேசிப் பழகியவர்.

"எம்பொண்ணு தோண்டி எடுத்த சாமான். எம்பையன் சுத்தம் பண்ணுவான். கீழ்வீட்டுக்காரங்க கை வைக்க வேண்டாம்."

கீழ்வீட்டுக்காரங்க என்பது அவன் ஒருவன்தான். அடக்கம் நடந்த நாள்வரை மாப்பிள்ளையாக இருந்தான். மறுநாளிலிருந்து கீழ்வீட்டுக்காரன் ஆகிவிட்டான்.

"இன்னைக்குத்தான் மாமா கரண்ட் கொடுக்கலாம்னு இருந்தேன்."

"பத்து மாசமா தண்ணியில கெடக்கு. அழுக்குத் துணியா அது, இவ்வளவு நாள் ஊறப்போட?"

"ஊறப்போடல. சோடாத் தண்ணியில இருந்தா மேற்கொண்டு துருப்பிடிக்காது. அதான்."

"இந்தப் பாடமெல்லாம் அவகிட்ட எடுத்தது போதும்" என்று தெருவிடம் சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார்.

வீடு மாமனாருடையது. மாடியில் அவர், கீழே மகளும் மருமகனும் என்று இருந்தது. மாமியார் போய் ஆறு வருடம். இப்போது மகளும் இல்லை. மனைவியைப் பறிகொடுத்த இரண்டு ஆண்கள், ஒரே வீட்டில், ஒரே தண்ணீர்த் தொட்டியிலிருந்து குளித்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் காலம் தள்ளினார்கள்.

அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவளாக இருந்தாள். பழைய வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றில் காணப்பட்டு இப்போது இல்லாமல் போனவற்றின் மேல் ஒரு பைத்தியம். மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இருவரும் போவார்கள். அவன் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். மண்வெட்டி அவன் பொறுப்பு. ஆணி, லாடம், கீல், பாதிக் கத்தரிக்கோல் என்று எதையாவது கொண்டுவந்து பின்கட்டில் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, சலவைச் சோடா கரைத்து, மின்சாரம் கொடுத்துத் துருவை உரிப்பார்கள். முறை எளிது. பேட்டரி சார்ஜரின் கறுப்புக் கிளிப்பைப் பழம்பொருளில் மாட்ட வேண்டும். சிவப்புக் கிளிப்பை உபயோகமற்ற ஓர் இரும்புத் தகட்டில் மாட்ட வேண்டும். பொருளிலிருந்து குமிழ் வரும், துரு கழன்று விழும். தகடு அரித்துக்கொண்டே போகும். அந்தத் தகட்டுக்கு அவள் 'அடிவாங்கி' என்று பெயர் வைத்திருந்தாள். "வீட்டுக்கு ஒரு அடிவாங்கி வேணும், இல்லைன்னா யாரும் சுத்தமாக மாட்டாங்க" என்பாள்.

கடைசியாக எடுத்ததுதான் இந்தச் சாவிக்கொத்து. பழைய சுங்கச்சாவடி இருந்த இடத்தில் சாலையை அகலப்படுத்தக் குழி வெட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் கிடைத்தது. பார்க்க ஒரு கைப்பிடி களிமண் போல இருந்தது. ஒரு பக்கம் வளையம் மட்டும் தெரிந்தது. சோடாத் தண்ணீரில் போட்டுவைத்தாள். பத்து நாளில் காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் முடிந்தது. மழையில் மண்ணைத் தோண்டக் கூட்டிப்போனதால்தான் என்று மாமனார் சொன்னார். ஊரில் அந்த மாதம் யார் யாருக்கோ காய்ச்சல் வந்தது. அவர்களில் யாரும் மண்ணைத் தோண்டவில்லை. அதை அவன் சொல்லவில்லை.  ஞாயிறுதோறும் தொட்டித் தண்ணீரை மாற்றினான். அந்த வீட்டில் அவன் கவனமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

போன மாதம் நூலகர் அம்மா வந்தார். நூலகத்தின் முன்னறையில் ஊரின் பழைய பொருட்களுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி வைக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஓர் அட்டை: என்ன பொருள், எங்கே கிடைத்தது, கண்டெடுத்தவர் யார். சுங்கச்சாவடிச் சாவிகள் என்றால் நடுத் தட்டிலேயே வைக்கலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். அதன்பின் அலமாரியைப் பூட்டிவிடுவார்கள். மூன்று வருடம் திறக்க மாட்டார்கள்.

அவள் பெயர் அதுவரை அச்சில் வந்தது இரண்டே முறை. ஒன்று கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று இரங்கல் அறிவிப்பு. இரண்டையும் அவள் கேட்டு வாங்கவில்லை. இந்த அட்டை மட்டும்தான் அவள் சம்பாதித்தது. அது வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இந்தப் பத்து மாதத்தில் வேறு ஆசை எதுவும் தோன்றியதில்லை.

அதிலும் சண்டை வந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட வேண்டும் என்று மாமனார் தனியாக நூலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவனுக்கு அது தெரிந்தபோது அவனும் போனான். "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. முதல்ல பொருள் வரட்டும்" என்று நூலகர் அம்மா சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடு. அலுமினியத்துக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் இருபது வருடமாக வேலை. கதவுக் கைப்பிடி, சைக்கிள் பாகம், பிளாஸ்க் மூடி எல்லாவற்றையும் அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, பிறகு நீலமோ தங்க நிறமோ ஏற்றுவார்கள். அவர் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் இருக்கும். அன்றைக்குப் பச்சை. ஒரு தோளில் பட்டறையின் பெரிய சார்ஜரைத் தூக்கிக்கொண்டு, கதவைத் தட்டாமல், வீட்டுக்குள் நுழைந்து நேரே பின்கட்டுக்குப் போனார்.

"எங்க இருக்கு?"

"அந்த நீலத் தொட்டியில."

"இதுக்குப் படிச்சவங்க பாஷையில என்ன பேரு?"

"மின்பகுப்பு."

"நாங்க தொட்டியில போடுறதுன்னு சொல்லுவோம். இருபது வருஷமா போடுறோம். ஒருத்தனும் பட்டம் குடுக்கல."

சுவரில் சாய்த்துவைத்திருந்த அவளுடைய சின்ன சார்ஜரை மச்சான் காலால் ஒதுக்கினார். "இதை வெச்சு எதைக் கழுவறது? மூக்குத்தியா?"

"அவ ரெண்டு ஆம்பியருக்கு மேல வைக்க மாட்டா. மெதுவாப் போகணும்னு சொல்லுவா."

"நாளைக்குக் காலையில குடுக்கணும். மெதுவாப் போய்க்கிட்டே இருந்தா அடுத்த மூணு வருஷம் கழிச்சுப் போய்ச் சேரலாம்." அவர் தன் சார்ஜரின் முள்ளைப் பத்தில் வைத்தார். தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினார். "என்ன தண்ணி இது, உறைப்பே இல்ல. ஆசிட்டும் கெடையாது. இதுல எப்படி ஓடும்? உப்பு எங்க வெச்சிருக்க?"

"உப்பு போடக் கூடாது மச்சான்."

அவர் கேட்கவில்லை. அடுக்களைக்குள் போய் உப்பு டப்பாவோடு வந்து இரண்டு கை அள்ளிப் போட்டார். தகட்டை ஓரத்தில் இறக்கினார். சாவிக்கொத்தின் வளையத்தில் கம்பியைக் கோத்து நடுவில் தொங்கவிட்டார். கை அத்தனை நேர்த்தி. கம்பி ஒரே முறுக்கில் நின்றது. பிறகு சிவப்புக் கிளிப்பை எடுத்தார்.

"மச்சான், பொருளுக்கு எதை மாட்டணும்னா—"

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்ல, உங்க வேலைக்கும் இதுக்கும்—"

"மாப்ள." மச்சான் நிமிர்ந்தார். "உன் கெட்டிக்காரத்தனத்தை ஆஸ்பத்திரியிலயே பார்த்தாச்சு. அஞ்சு நாளும் கையைக் கட்டிக்கிட்டு நின்ன. இப்பவும் அதே மாதிரி நில்லு. அது உனக்கு நல்லா வருது."

மாடி சன்னலிலிருந்து மாமனார் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

அவன் வாயை மூடிக்கொண்டான். மச்சான் சிவப்புக் கிளிப்பைச் சாவிக்கொத்தில் மாட்டினார். கறுப்பைத் தகட்டில் மாட்டினார். சாயப் பட்டறையில் பொருள் எப்போதும் சிவப்பில்தான் தொங்கும். இருபது வருடம் ஒரு நாளைக்கு நூறு முறை அப்படி மாட்டிய கை. அலுமினியத்துக்கு அது சரி. இரும்புக்கு அது தின்னக் கொடுப்பது. துரு கழல்வதற்குப் பதில் இரும்பே கரையும். இங்கே தொட்டியில் இப்போது அவள் சாவிக்கொத்துதான் அடிவாங்கி.

சுவிட்ச் போட்டதும் சார்ஜர் உறுமியது. குமிழ்கள் தகட்டிலிருந்து புறப்பட்டன. சாவிக்கொத்தைச் சுற்றித் தண்ணீர் அசையாமல் இருந்தது. தெரிந்தவனுக்கு அது ஒன்றே போதும்.

அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்தான். கல்லூரியில் படித்ததில் அவனிடம் மிச்சமிருப்பவை சில எண்கள்தான். அவை தாமாகவே வரிசைக்கு வந்தன. பத்து ஆம்பியர். ஒரு மணி நேரம். இரும்பு. மணிக்குப் பத்து கிராமுக்குக் கொஞ்சம் கூட.

சொல்லிவிடலாம். எழுந்து இரண்டு கிளிப்பையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அவன் எழவில்லை. சாயங்காலம் இவர் தண்ணீருக்குள் கைவிட்டுக் கம்பியை இழுப்பார், கம்பியில் ஒன்றும் இருக்காது என்று நினைத்தான். மாடியிலிருந்து இறங்கி வந்து கிழவர் அதைப் பார்ப்பார். இருபது வருடப் பெருமை, எம்பையன் எம்பையன் என்ற ஜம்பம் எல்லாம் சேறாகத் தொட்டியடியில் கிடக்கும். அப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகிச் சூடாகப் பரவியது. அது என்ன என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. சந்தோஷம். பத்து மாதத்தில் முதல் முறை.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் அழுக்குப் பச்சையாகி, பிறகு செங்கல் நிறமானது. மச்சான் அதைப் பார்த்துத் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"அப்பா, வந்து பாருங்க. எவ்வளவு துரு கழலுது பாருங்க."

பத்து கிராம் என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

மாமனார் இறங்கி வந்தார். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கப் போனார்.

"இங்க வேண்டாம் மாமா. தொட்டியிலிருந்து வர்ற வாயு தீப்பிடிக்கும்."

"பிடிக்கட்டும்" என்றார் தொட்டியிடம். ஆனாலும் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டார்.

"அந்த அட்டையில யார் பேரு போடுறதுன்னு ஆச்சு?" என்று மச்சான் கேட்டார், அவன் அங்கே இல்லாதது போல.

"எம் பேருதான். பொறந்ததுலேருந்து அவ பேரோட இருந்த பேரு. நாலு வருஷம் கூட இருந்தவனெல்லாம் ஒட்டிக்க முடியுமா? நாலு வருஷத்துல ஒரு பஸ்ஸுக்குக்கூட டயர்தான் மாத்துவாங்க, போர்டை மாத்த மாட்டாங்க."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அவனும் சிரித்தான். இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாரே பார்த்தார்.

அவன் எழுந்து உள்ளே போய் மூன்று டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்தான். அந்த அடுப்பில் அவன் பிறருக்கென்று எதையும் கொதிக்க வைத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"என்ன மாப்ள, இன்னைக்கு ரொம்பக் குஷியா இருக்க?" மச்சான் டம்ளரை வாங்காமல் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "விஷம் கிஷம் வெச்சிருக்கியா?"

"சர்க்கரைதான் கொஞ்சம் கூட."

"அது அவளுக்குப் பிடிக்கிற அளவு" என்றார் மச்சான். பிறகு வாங்கிக் குடித்தார்.

இருபது கிராம். சாவிகள் ஒன்றும் தடித்தவை அல்ல. முதலில் போவது பற்களாகத்தான் இருக்கும். மெல்லிய இடத்தைத்தான் மின்சாரம் முதலில் தேடும். அவன் படியில் உட்கார்ந்து தன் டீயை மெதுவாக, ஒவ்வொரு வாயாக ருசித்துக் குடித்தான்.

மூன்றாவது மணி முடியப்போகும் நேரம். மாமனாருக்கு உட்கார்ந்து அலுத்துவிட்டது. சுவர் மாடத்தில் வரிசையாக இருந்த டப்பாக்களைக் கிளறினார். ஒவ்வொரு கண்டெடுப்புக்கும் அவள் ஒரு சீட்டு எழுதிவைப்பாள். சாவிக்கொத்தின் சீட்டு மேலாகவே இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, நிறுத்தம் நிறுத்தமாக வாசித்தார்.

"சுங்கச்சாவடி. வடக்கு ஓரம். இரண்டடி ஆழம். எடை இருநூற்று அறுபது கிராம், மண்ணோடு. சாவிகள். எத்தனை என்று தெரியவில்லை." அவர் நிறுத்தினார். சீட்டைத் திருப்பினார். "எத்தனை என்று தெரிந்தாலும் அவரிடம் சொல்ல மாட்டேன். அவரே எண்ணட்டும்."

அவர் மறுபடியும் ஒருமுறை அந்த வரியை வாசித்தார். குரல் பஸ் நின்றுவிட்டது போல நின்றது.

அந்தச் சீட்டை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். திருப்பிப் பார்த்ததில்லை. அவர் என்று அவள் எழுதுவது அவனை மட்டும்தான்.

அவன் எழுந்தான். இரண்டே எட்டில் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"ஏய்" என்றார் மச்சான்.

"கிளிப் மாறியிருக்கு."

"என்ன மாறியிருக்கு?"

"பொருளுக்குக் கறுப்பு. உங்க பட்டறையில சிவப்பு. இதுல கறுப்பு. சிவப்புல மாட்டினா இரும்பு கரைஞ்சுடும்."

மச்சான் கம்பியைப் பிடித்துத் தூக்கினார். சேறு வழிந்தது. விரலால் வழித்தார். ஒரு சாவியின் முனை, ஊறிய பிஸ்கட் போல, அவர் கையோடு வந்துவிட்டது. விரலில் பச்சைச் சாயமும் பழுப்புச் சேறும் ஒன்றாகக் கிடந்தன.

"நீ எப்ப பார்த்த?" என்றார்.

"இப்பத்தான்."

வாளியிலிருந்து மாமனார் எழுந்தார். பத்து மாதமாக மருமகனுக்கென்று சேர்த்துவைத்திருந்த கோபம் முழுவதும் ஒரே மூச்சில் தடம் மாறி மகன் மேல் ஏறியது.

"எருமை. இருபது வருஷம் என்னத்தடா புடுங்கின அங்க? கறுப்பு எது சிவப்பு எதுன்னு தெரியாதவனா நீ? அவ ஒருத்தி விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதானடா. உன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நீ தொட்டது எதுடா விளங்கியிருக்கு?"

மச்சான், நாற்பத்து மூன்று வயது ஆள், சொட்டச் சொட்டக் கம்பியைப் பிடித்தபடி, பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்தது போல நின்றார். அவன் மூன்று மணி நேரமாக ஆசைப்பட்டது அதேதான். ஒரு வார்த்தை குறையாமல் நடந்தது. ஆனால் டீயில் இருந்த ருசி இதில் இல்லை.

அதற்குமேல் அவன் செய்ததெல்லாம் அவள் செய்கிற முறையில் செய்தான். தொட்டியைக் கழுவினான். புதுத் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சோடா. சின்ன சார்ஜர், இரண்டு ஆம்பியர், கறுப்பு பொருளுக்கு. குமிழ்கள் சாவிக்கொத்திலிருந்து நூல் நூலாக எழுந்தன. மணிக்கொரு முறை வெளியே எடுத்துப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தான். மச்சான் போகவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.  மாமனார் மாடிக்குப் போய்க் கதவை அறைந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வளையத்திலிருந்து சாவிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஐந்து. இரண்டு முழுசு, நடுவில் மறைந்திருந்தவை. இரண்டுக்குப் பல் இல்லை. ஒன்று வெறும் காம்பு, ஆணி என்று சொன்னால் நம்பலாம். துடைத்து, சூடு காட்டி உலர்த்தி, மெழுகு பூசித் துணியில் சுற்றினான்.

திங்கட்கிழமை காலை மூவரும் நூலகத்துக்குப் போனார்கள். ஒன்றாகப் போகவில்லை, ஒருவர் பின் ஒருவர், தெருவின் அகலத்தை இடையில் விட்டு. நூலகர் அம்மா ஐந்தையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"ரெண்டு அருமையா இருக்கு. இந்த மூணுக்கும் என்ன ஆச்சு? மண்ணுக்குள்ள அரிச்சதில்ல இது. புதுசா அரிச்சிருக்கு."

 அவர் தடித்த பதிவேட்டைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினார்.

"மூளியா இருந்தாலும் வெச்சுக்குவேன். ஆனா எப்படிச் சேதமாச்சுன்னு எழுதாம உள்ள வைக்க முடியாது. நாளைக்கு ஒருத்தர் இதைப் பார்த்து, அந்தக் காலத்துச் சாவியே இப்படித்தான்னு எழுதிட்டுப் போயிடுவார்."

"நான்தான் கெடுத்தேன்" என்றார் மச்சான். "எழுதிக்கோங்க. பெரிய இவன் மாதிரி கிளிப்பை மாத்தி மாட்டினேன். எங்க வேலையில பொருள் எப்பவும் சிவப்புலதான். யோசிக்கவே இல்ல. கை தானாப் போச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேத்துலேருந்து சோறு இறங்கல எனக்கு. தங்கச்சி சாமான்."

"எவ்வளவு நேரம் அப்படி ஓடுச்சு?"

"மூணு மணி நேரம். இவர் பார்த்து நிறுத்தினார். இவர் மட்டும் பார்க்கலைன்னா மொத்தமும் போயிருக்கும்."

மச்சான் அவனை 'இவர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நூலகர் அம்மா பேனாவை எடுத்தார். அவர் எழுதியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவள் பெயர் அலமாரிக்குள் போயிருக்கும், அவன் நல்லவனாக வீட்டுக்குப் போயிருப்பான்.

அவளுடைய லாடம் ஒன்று உண்டு, இரண்டாக உடைந்தது. அதன் சீட்டில் 'கடப்பாரை பட்டு உடைந்தது, என் அவசரம்' என்று எழுதியிருப்பாள். அந்த வரி இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன்கூட அப்போது பக்கத்தில் இல்லை.

"குடுங்க. நான் எழுதறேன்" என்றான்.

சேதக் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினான். 'மின் இணைப்பு மாறியது. உப்பு நீர், பத்து ஆம்பியர், மூன்று மணி நேரம். இழப்பு ஏறக்குறைய முப்பது கிராம். மாட்டியபோதே எனக்குத் தெரியும். வேண்டுமென்றே நிறுத்தவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டான்.

மச்சான் அவன் தோளுக்கு மேலாக வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் மூச்சு நின்று மறுபடி வந்தது அவன் பிடரியில் தெரிந்தது.

"என்னடா எழுதியிருக்கு?" என்றார் மாமனார். கண்ணாடியை அவர் கொண்டுவரவில்லை.

மச்சான் வாசித்தார். கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார், கோபமே இல்லாத குரலில். பிறகு அவனிடம் சொன்னார்.

"டீ போட்டுக் குடுத்தியே."

அவன் தலையாட்டினான்.

"என்னை அடிச்சிருக்கலாம் நீ. நான் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தப்பவே செவுட்டுல ஒண்ணு விட்டிருக்கலாம். வாங்கியிருப்பேன். அவ சாமானைப் போட்டு—" அவர் முடிக்கவில்லை. படி இறங்கி வெளியே போனார். வெளியே போய், திரும்பி வந்து, வாசலில் நின்று, "நல்லவன் மாதிரி எழுதிட்டா ஆச்சா" என்று கேட்டுவிட்டு மறுபடியும் போனார்.

நூலகர் அம்மா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுதியதை வாசித்தார். மையை ஒற்றினார். மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த அட்டையை எடுத்து, எண்ணிக்கைக்கு விட்டிருந்த இடத்தில் ஐந்து என்று எழுதினார். 'சாவிகள் ஐந்து. பழைய சுங்கச்சாவடி.' கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். பெயர் மட்டும்.

"பக்கத்துல யார் பேரும் போடல" என்றார். "மத்த அட்டையிலயும் போடல. கண்டெடுத்தவங்க பேரு மட்டும்தான் விதி. போன மாசமே உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கணும். சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட சண்டைக்கு வருவீங்கன்னு விட்டுட்டேன்."

ஐந்து சாவிகளையும் நடுத் தட்டில் வைத்தார். மூளிகளை ஒளிக்கவில்லை, முழுசானவற்றோடு வரிசையாகவே வைத்தார். அட்டையை நிறுத்தினார். கண்ணாடியைச் சாத்திப் பூட்டினார்.

மாமனார் அலமாரி முன் போய் நின்றார். படிக்கிற கண்ணாடி இல்லாததால் மூக்கு தொடும் அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. அவன் பக்கத்தில் வந்து நின்றான். நல்ல இடம் ஒன்றுதான் இருந்தது. அட்டைக்கு நேர் எதிரே. அதில் அவர் நின்றிருந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள கீழ்வீடு காலியாகணும்" என்றார் மாமனார். திரும்பவில்லை. ஆனால் தெரு அந்தப் பக்கம் இல்லை; கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சரி."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"

"இல்ல. கொஞ்சம் நகருங்க. நான் இன்னும் பார்க்கல."

அவர் நகரவில்லை. அவனும் விலகவில்லை. தோளால் அழுத்தினான். கிழவர் ஸ்டியரிங் பிடித்த முழங்கையால் திருப்பி அழுத்தினார். இருவரும் அப்படியே ஒரே அட்டையின் முன் இடத்துக்கு முண்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் கைரேகை படுகிறது என்று நூலகர் அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.